இலை பார்க்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ஆவணி பிறந்ததும் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. அறுபதைத் தாண்டிய தம்பதி. கையில் பழைய மருந்துச் சீட்டு, முகத்தில் பாதி சந்தோஷம், பாதி பயம்.

"டாக்டர், அமெரிக்காவில பொண்ணு இருக்கா. அக்டோபர்ல வாங்கப்பா, இலையெல்லாம் கலர் மாறும், எல்லாருமா கார்ல போய்ப் பார்க்கலாம்னு டிக்கெட்டே போட்டுட்டா. எங்க உடம்புக்கு அந்தக் குளிர் தாங்குமா?"

தாங்கும். தாராளமாகப் போய் வாருங்கள். முன்பெல்லாம் இந்த பதிலோடு, 'சுக்கு, மிளகு எடுத்துட்டுப் போங்க, காதை மூடிக்கிடுங்க' என்று அனுப்பி விடுவேன். இப்போது அப்படி அனுப்புவதில்லை. உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுகிறேன். காரணம், 2022 அக்டோபரில் ஒரு மலைப்பாதையில் என் கண் முன்னால் நடந்த ஒரு சம்பவம். அதில் தப்புப் பண்ணியது வேறு யாரும் இல்லை, நானேதான்.

அந்த வருஷம் நானும் மனைவியும் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா, அம்மாவும் அதே சமயம் அங்கே வந்திருந்தார்கள். சம்பந்திக்கு அப்போது வயது 68. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பதினைந்து வருஷமாக சர்க்கரை. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டும் சாப்பிடுகிறார். கூடவே நான் கொடுத்த மதுமேக சூரணமும் உண்டு. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அக்டோபரில் இரண்டாவது திங்கட்கிழமை அங்கே விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்தால் மூன்று நாள். நம்ம ஊரில் தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்குமோ, அந்த மூன்று நாளும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மலைப்பாதைகள் அப்படி இருக்கும். வித்தியாசம் ஒன்றுதான், யாரும் சத்தம் போட மாட்டார்கள். வரிசையாக நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

நாங்கள் போனது கான்கமாகஸ் சாலை. லிங்கன் என்ற ஊரில் ஆரம்பித்து கான்வே என்ற ஊரில் முடிகிறது. சுமார் 55 கிலோமீட்டர். ஒயிட் மவுன்டன்ஸ் என்ற மலைத்தொடரைக் குறுக்கே கடக்கிறது. உச்சியில் உயரம் 2,855 அடி. நம் ஏற்காட்டைவிடக் குறைவுதான். ஆனால் அங்கே அது வட தேசம். நாங்கள் புறப்பட்ட காலையில் 3 டிகிரி. இடையில் பெட்ரோல் பங்க் கிடையாது, ஓட்டல் கிடையாது, பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது.

மரம் ஏன் சிவக்கிறது?

போன காரியத்தைச் சொல்லாமல் நோயை மட்டும் பேசினால் என் மகள் கோபித்துக் கொள்வாள். அந்தக் காட்சி அப்படி! மலை முழுக்க யாரோ குங்குமத்தையும் மஞ்சளையும் கொட்டி, நடுநடுவே காவியைக் கரைத்து விட்ட மாதிரி. ஊசியிலை மரங்கள் மட்டும் பச்சையாக நிற்கும். அதனால் சிவப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். வெயிலைப் பிடித்து மரத்துக்குச் சாப்பாடு தயாரிப்பது அதுதான். பகல் குறையக் குறைய, குளிர்காலம் வருகிறது என்று மரம் தெரிந்து கொள்கிறது. உறைபனியில் இலையை வைத்துக் காப்பாற்றுவது அதற்கு நஷ்டம். அதனால் இலையில் இருக்கிற சத்தைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக் கொண்டு, காம்பு சேருமிடத்தில் தக்கை போல ஒரு தடுப்பைப் போட்டு விடுகிறது. பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. காரட்டிலும் பப்பாளியிலும் இருக்கிறதே, அந்த இனத்து நிறமிதான். பிர்ச் மரம் தங்கமாக மின்னுவது இதனால்.

சிவப்பு சமாச்சாரம் வேறு. அது ஏற்கெனவே ஒளிந்திருந்தது இல்லை, கடைசி நேரத்தில் புதிதாகத் தயாராவது. இலைக்குள் தங்கிப் போன சர்க்கரையிலிருந்து மேப்பிள் மரம் அதைச் செய்து கொள்கிறது. நாவல் பழத்துக்கு அந்தக் கருநீலத்தைத் தருவதும், மாந்தளிருக்கு அந்தச் செம்பு நிறத்தைத் தருவதும் இதே இனத்து நிறமிதான். பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர், இரண்டும் சேர்ந்தால் சிவப்பு அமோகமாக வரும். மப்பும் மழையுமாக இருந்தால் அவ்வளவு வராது.

இதைக் கேட்டதும் என் மனைவி, "நம்ம வீட்டு பாதாம் மரமும்தான் உதிர்றதுக்கு முன்னால சிவக்குது. அதைப் பார்க்க யாராவது டிக்கெட் எடுத்து வர்றாங்களா?" என்றாள். நியாயமான கேள்வி! நம் ஊர் மரங்கள் பெரும்பாலும் வறட்சிக்குப் பயந்து மாசி, பங்குனியில் இலை உதிர்க்கின்றன. அதுவும் ஆளுக்கொரு நேரத்தில். அங்கே மொத்தக் காடும் இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றாக நிறம் மாறுகிறது.

நம் சித்த நூல்கள் ஆறு பெரும்பொழுதைச் சொல்கின்றன. ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். நமக்குக் கூதிர் என்றால் மழையும் வாடைக் காற்றும் நசநசப்பும். அங்கே அதே அக்டோபரில் காற்று உலர்ந்து கிடக்கிறது. உதடு வெடிக்கிறது, மூக்குக்குள் எரிகிறது. அதனால் இந்த மண்ணைப் பார்த்து எழுதிய பருவ ஒழுக்கத்தை அந்த மண்ணில் அப்படியே கடைப்பிடிக்க முடியாது. இதைச் சித்த மருத்துவனான நான் சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

அன்று நடந்தது

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். சம்பந்தி வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக் கொண்டார். சூரணத்தையும் சாப்பிட்டார். ஒரே ஒரு பிரெட் துண்டு, சர்க்கரை இல்லாத காபி. "லிங்கன்ல போய் நல்லா சாப்பிட்டுக்கலாம்பா" என்று மாப்பிள்ளை சொன்னதால், அதோடு சரி.

லிங்கன் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. சாப்பாட்டுக் கடை ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். சின்னவர்கள் கூடிப் பேசி, "மலையைத் தாண்டி அந்தப் பக்கம் சாப்பிடலாம், ஒரு மணி நேரம்தானே" என்று முடிவு செய்தார்கள். புளியோதரை டிக்கியில் இருந்தது. வழியில் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி அதைச் சாப்பிடலாம் என்றும் ஒரு யோசனை. ஆனால் நல்ல இடம் என்று நாங்கள் நினைத்த இடமெல்லாம் ஊருக்கே நல்ல இடமாகப் பட்டிருக்கிறது. வண்டி நிறுத்த இடமே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு அருவிக்குப் போகிற பாதையில் ஒருவழியாக இடம் கிடைத்தது. "முதல்ல அருவி, அப்புறம் சாப்பாடு" என்று பேரன் அடம் பிடித்தான். சின்ன ஏற்றம்தான். சம்பந்தி அவன் கையைப் பிடித்துக் கொண்டு முன்னால் போனார். திரும்பி வரும்போது பின்னால் வந்தார். கை நடுங்கியது. பேச்சு குறைந்து விட்டது.

"குளிருதுங்களா சம்பந்தி?" என்று கேட்டேன்.

"ஆமாங்க டாக்டர், கொஞ்சம் குளிருது."

என் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டு விட்டேன். மஃப்ளரைச் சுற்றினேன். ஃபிளாஸ்கில் இருந்த சுக்குக் காபியைக் கொடுத்தேன். அவருக்காகவே சர்க்கரை, கருப்பட்டி எதுவும் போடாமல் தனியாகச் செய்து கொண்டு வந்தது. முப்பது வருஷம் நாடி பார்த்தவன் செய்த வைத்தியம் இது!

காரில் உட்கார்ந்ததும், மேப்பிள் மரத்தைப் பார்த்து, "இது எந்த ஸ்கூல் காம்பவுண்டு?" என்று கேட்டார். பேரன் சிரித்தான், தாத்தா ஜோக் அடிக்கிறார் என்று. என் மகள்தான் திரும்பிப் பார்த்து, "அப்பா, மாமாவுக்கு நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு பாருங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் புத்தி வந்தது. குளிரில் நடுங்குகிறவனுக்கு வியர்க்காது. நடுங்கவும் செய்து, நெற்றியிலும் பிடரியிலும் சில்லென்று வியர்த்தும் இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

குளுக்கோமீட்டரைத் தேடினால், அது டிக்கியில் பெட்டிக்குள். முதல் நாள் ராத்திரியே சாமான்களைக் காரில் ஏற்றி வைத்து விட்டார்கள். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த கருவி, ரத்தச் சொட்டை வைத்ததும் நம்பர் காட்டாமல் பிழை என்று காட்டியது. இந்தக் கருவிகள் சாதாரணமாக 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இது பலருக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் உறைத்தது.

கருவிக்காகக் காத்திருக்கவில்லை. பேரனுடைய ஆப்பிள் ஜூஸ் டப்பா ஒன்று இருந்தது. "தாத்தாவுக்குக் கொடு கண்ணா" என்றதும் அவன் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் கொடுத்தான். மெள்ள மெள்ளக் குடிக்க வைத்தோம். பதினைந்து நிமிஷத்தில் முகம் தெளிந்து, "என்ன, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?" என்றார். மடியில் வைத்துச் சூடாக்கிய பிறகு கருவி 78 என்று காட்டியது. ஜூஸ் குடித்த பிறகு 78 என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு இறங்கியிருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். அப்புறம் புளியோதரை. பின்சீட்டிலேயே, இலை பார்த்துக் கொண்டே.

ஏன் இறங்கியது?

மூன்று காரணம் சேர்ந்தது. மாத்திரை போட்டு ஆறு மணி நேரம் சரியான சாப்பாடு இல்லை. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்து விடும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு. இரண்டாவது, வழக்கத்தில் இல்லாத ஏற்ற நடை.

மூன்றாவது என் சூரணம். அவருக்கு நான் அதைக் கொடுத்து இரண்டு வருஷமாகியிருந்தது. நல்ல பலன் இருந்தது. அமெரிக்கா வந்த பிறகு தினமும் மாலையில் நடக்கிறார், சாதத்தைக் குறைத்து விட்டார், எடை நாலு கிலோ குறைந்து விட்டது. மாத்திரையும் சூரணமும் மட்டும் பழைய அளவிலேயே போய்க் கொண்டிருந்தன. ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்கவில்லை. ஆவாரை, சிறுகுறிஞ்சான், வெந்தயம், நாவல் கொட்டை, இதெல்லாம் சர்க்கரையைக் குறைக்கும் என்று நாம்தான் சொல்கிறோம். அப்படியானால் ஆங்கில மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மேலும் குறைக்கலாம் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். 'மூலிகைதானே, ஒண்ணும் செய்யாது' என்கிற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்றும் செய்யாது என்றால் எதற்குச் சாப்பிடுவது?

ஆகவே, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் சர்க்கரை டாக்டரிடம் நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும், கஷாயம், பொடி உட்படச் சொல்லுங்கள். உங்கள் சித்த மருத்துவரிடம் ஆங்கில மாத்திரைகளைக் காட்டுங்கள். நேர வித்தியாசத்தையும் கேளுங்கள். அக்டோபரில் பாஸ்டன் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. விமானத்தில் மாத்திரையை எப்போது போடுவது என்று அவர் எழுதிக் கொடுப்பார்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால், அல்லது போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, சுமார் 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். அரை டம்ளர் பழ ஜூஸ், அல்லது மூன்று நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அல்லது குளுக்கோஸ். பதினைந்து நிமிஷம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையா, இன்னொரு முறை கொடுங்கள். சரியானதும் ஒரு முழுச் சாப்பாடு கட்டாயம். ஏனென்றால் இந்த மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் நிற்கும், மாலையில் மறுபடி இறக்கலாம். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்து போய் சம்பந்திக்கு ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாயில் போய் விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து விட்டு 911-க்குப் போன் செய்யுங்கள். சிக்னல் இல்லாத சாலையில் அது சுலபமில்லை என்பதால்தான், அந்த நிலைமை வராமல் பார்த்துக் கொள்வது முக்கியம்.

இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டினலால், புரோப்ரனலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகரில் நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் தெரியும். அதனால்தான் வியர்வை, வியர்வை என்று அடித்துச் சொல்கிறேன். மஃப்ளரும் குரங்குக் குல்லாவும் போட்டு மூடியிருந்தால் அதுவும் தெரியாது. பிடரியில் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் குடிக்காத பெரியவர்

அங்கே தாகம் எடுக்காது. அதோடு, காரில் போகும்போது வயதானவர்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. 'எனக்காக வண்டியை நிறுத்தச் சொல்லணுமே' என்ற கூச்சம். மருமகன் வண்டி என்றால் மாமியார்களுக்கு இந்தக் கூச்சம் இரண்டு பங்கு! விளைவு மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைசுற்றல். பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, 'எனக்கு இறங்கணும்' என்று சொல்லி இறங்குங்கள். அவர்களும் இறங்குவார்கள். பத்து நிமிஷம் நடந்தால் காலில் ரத்தம் தேங்காது, வீக்கமும் வராது.

புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூக்கு ஒழுகினால் பிள்ளைகள் அங்கே கடையிலிருந்து சளி மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். மூக்கடைப்பைத் திறக்கிற மருந்து சேர்ந்த மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரை அடைத்தும் விடும். தூக்கம் வரவைக்கிற அலர்ஜி மாத்திரைகளும் சிறுநீரை அடைக்கும், வயதானவர்களைக் குழப்பவும் செய்யும். ஆவி பிடியுங்கள், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் அங்குள்ள மருந்தாளுநரிடம் பி.பி., புராஸ்டேட் இரண்டையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

குளிர் ரத்தக் குழாயைச் சுருக்கும். நெஞ்சுவலி வரலாறு உள்ளவர்கள் சாப்பிட்ட கையோடு குளிர்காற்றில் மேடு ஏறக் கூடாது.

வில்வம் இல்லை அது!

மறுநாள் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளத்தங்கரைப் பாதையில் நடந்து கொண்டிருந்தோம். பழைய கல் மதில் ஒன்றில் ஒரு கொடி படர்ந்திருந்தது. ரத்தச் சிவப்பு. பளபளவென்று மூன்று மூன்று இலைகளாக. என் மனைவி, "பார்த்தீங்களா, அப்படியே வில்வ தளம் மாதிரி!" என்று கையை நீட்டினாள்.

"அம்மா, தொடாதே!" என்று மகள் போட்ட சத்தத்தில் குளத்து வாத்தெல்லாம் பறந்தன.

அது பாய்சன் ஐவி. இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கிற செடிகளில் அதுவும் ஒன்று. அதன் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் ஒரு பிசின் எண்ணெய் இருக்கிறது. பட்டால் ஒன்றிரண்டு நாளில் சிவந்து, அரித்து, கொப்புளம் கொப்புளமாக வரும்.

மகள் சொல்லச் சொல்ல எனக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரி நாள் ஞாபகம் வந்து விட்டது. சேராங்கொட்டை சுத்தி செய்யும் வகுப்பு. மூக்கை அறுக்கும்போது கவனம் என்று ஆசிரியர் சொன்னதைக் காதில் வாங்காமல், கையால் முகத்தைத் துடைத்து விட்டேன். மூன்று நாள் கண் திறக்க முடியவில்லை! அந்தச் சேராங்கொட்டையும் இந்த பாய்சன் ஐவியும் ஒரே குடும்பம். மாமரமும் முந்திரியும்கூட அதே குடும்பம்தான். மாங்காய்க் காம்புப் பால் பட்டு உதடு புண்ணாகிறதே, முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் பட்டு விரல் தோல் உரிகிறதே, எல்லாம் உறவுக்கார நஞ்சு. மாங்காய்ப் பால் ஒத்துக் கொள்ளாதவர்கள் அங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தொட்டு விட்டால் தாமதிக்காமல் சோப்புப் போட்டு, நகக் கண் உட்பட, ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய் துணியிலும் செருப்பிலும் ஒட்டிக் கொண்டிருக்கும், அவற்றையும் துவைக்க வேண்டும். கொப்புளத்து நீரால் அது பரவாது. முகம், கண் வீங்கினால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போய் விடுங்கள். சருகு கொளுத்தும்போது இந்தக் கொடி சேர்ந்து எரிந்தால் புகை நுரையீரலைப் பாதிக்கும்.

குழந்தைகள் உதிர்ந்த இலையைக் குவித்து அதில் குதித்து விளையாடுவார்கள். என் பேரனும் குதித்தான், நானும் ஒரு தடவை குதித்தேன், மறைப்பானேன். ஆனால் அந்தச் சருகில் மான் உண்ணி இருக்கலாம். நம் மாட்டு உண்ணிக்குச் சொந்தக்காரன், ஆனால் எள்ளளவுதான் இருக்கும். அது கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் 1970-களில் கவனத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரில் சுறுசுறுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டி, அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் பாருங்கள். துணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி என்று நம்ம ஊர் வேலையெல்லாம் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தால் போதும். சாதாரணமாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும். அதனால் அன்றன்றைக்குப் பார்த்து விட்டால் பயமில்லை. ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு விரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஊருக்குத் திரும்பியிருந்தாலும் டாக்டரிடம், "அமெரிக்காவில காட்டுப் பக்கம் போயிருந்தோம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

பெட்டியில் என்ன வைப்பது?

ஸ்வெட்டர் ஒன்று தடிமனாக இருப்பதைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். சூரணம், லேகியம் எல்லாவற்றையும் கம்பெனி லேபிளோடு, மருந்துச் சீட்டோடு பெரிய பெட்டியில் வையுங்கள். பொட்டலம் கட்டிய பொடி விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வைக்கும். தினசரி மாத்திரைகளும் இன்சுலினும் மட்டும் கைப்பையில். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்து போகலாம். ராத்திரி காரில் விட்டாலும் அப்படியே. ஒரு தடவை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது, தூக்கிப் போட்டு விடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

தோல் வறட்சிக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எது வேண்டுமானாலும் தடவலாம். ஆனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஊர் திரும்பும்வரை ஒத்தி வையுங்கள். அங்குள்ள குளியல் தொட்டி வழவழவென்று இருக்கும். எண்ணெய்க் காலோடு அதன் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்குவது அறுபது வயது இடுப்புக்கு ஆகாது.

மேப்பிள் பாகு வாங்கி வரச் சொல்லி இங்கிருந்து ஆர்டர் வரும். குளிர்காலக் கடைசியில் சர்க்கரை மேப்பிள் மரத்தில் துளை போட்டு நீர் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். நாம் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வது மாதிரிதான். சுமார் 40 லிட்டர் மரநீர் வற்றி ஒரு லிட்டர் பாகாகிறது. ருசி பிரமாதம். ஆனால் 'மரத்துச் சர்க்கரை, சுகருக்கு ஒண்ணும் பண்ணாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மேஜைக் கரண்டியில் 12, 13 கிராம் சர்க்கரை இருக்கிறது.

ஊர் திரும்பியதும் சம்பந்தியின் சர்க்கரை டாக்டர் கிளிமிபிரைடு அளவைப் பாதியாக்கினார். நான் என் சூரணத்தை நிறுத்தினேன். இப்போது அவர் நன்றாக இருக்கிறார். மறுபடியும் இலை பார்க்கப் போக வேண்டும் என்று ஆசை. போன வாரம் போனில் கூப்பிட்டார்.

"டாக்டர், இந்தத் தடவை முன்னெச்சரிக்கையா சட்டைப் பையிலேயே கடலை மிட்டாய் வச்சிக்கப் போறேன். சரிதானே?"

"கடலை மிட்டாய் வேண்டாங்க சம்பந்தி. கடலையில இருக்கிற கொழுப்பு சர்க்கரையை ரத்தத்தில ஏற விடாம தாமதப்படுத்தும். குளுக்கோஸ் மாத்திரை வச்சிக்கங்க. கடலை மிட்டாயை அதுக்கப்புறம் சாப்பிடுங்க."

"அப்ப மீட்டர்?"

"அது உங்க உள்சட்டைப் பையில. டிக்கியில இல்லை."